இருட்டில் நாலு மீசை

நாகமறையில் தண்ணீர் இறங்கி
எதிர்க்கரை நந்தியின் முதுகு தெரியத் தொடங்கிய வாரம்.
நிலாவும் இல்லை.
சென்றாயன் துடுப்புப் போட, வலை இழுப்பது நான்.
அவருக்கு மாலைக்கண்.
டார்ச்சில் பாட்டரி தீர்ந்து மாசமாகிறது,
எனக்கு அது வேண்டியதுமில்லை.

தலை பெருத்து, வாய் வானம் பார்த்திருந்தால்
கட்லா.
உதட்டோரம் தையல் பிரிந்த துணியாக நைந்திருந்தால் ரோகு.
மிர்காலுக்கு உதடென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை,
சேறு மேய்ந்து மழுங்கிய மூஞ்சி.
ஜிலேபி முதலில் குத்தும்,
பிறகுதான் பேர் சொல்லும்.
கெளுத்தியைத் தொடவே வேண்டாம்.
கண்ணியை முறுக்கிக்கொண்டு
கிர்ர் கிர்ரென்று முனகும், கடன்காரன் மாதிரி.

பாறையோரத்து வலையில் ஏதோ கனத்தது.
மீசையைத் தடவினேன். ஒன்று, இரண்டு.
அந்தப் பக்கமும் இரண்டு.
'சீனாக் கெண்டை' என்றேன்.
'எவ்வளவு தேறும்?'
'மூணு கிலோ. நாலுகூட.'
துடுப்புப் போடும் சத்தத்தில் ஒரு சந்தோஷம் ஏறியது.

முதுகுத் துடுப்பின் மேல் போன விரல்
சீக்கிரமே கரையேறிவிட்டது.
சீனாக் கெண்டைக்கு அது வால்வரை ஓடும்.
இதற்கு நாலு விரல்கடை.
செதில்கள் கவுளி வெற்றிலை போல
ஒன்றின் மேல் ஒன்று.
உதடு தடித்திருந்தது.
'பெருமா, ஏன் பேசல?'

ஒகேனக்கல்லுக்கு மேலே
பாறைச் சுழலில் கிடக்கும் சாதி.
வாக்கப்பட்டு வந்த பதினாறு வருஷத்தில்
ஒரே ஒரு தரம் பார்த்தேன்,
அதுவும் செத்து மிதந்தது.
பொம்மீன்.

என் உள்ளங்கையில் வாயை வைத்து
திறந்தது, மூடியது, திறந்தது.

பரிசல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்தது.
'நழுவிடுச்சா? உட்டுட்டியா?'
தண்ணீரில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

விடிந்ததும் சொசைட்டியில்
எடை போடும் கோதண்டம் நோட்டை விரித்தார்.
கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, இதர.
ஒவ்வொரு கட்டமாய் நிரப்பிவந்து
'இதர?' என்றார்.
'ஆரல் அரைக் கிலோ.'

அவர் குனிந்து எழுதும்போதுதான் கண்டேன்.
என் முழங்கைக்கு மேலே காய்ந்து ஒட்டியிருந்தது
ஒரு செதில்,
பத்து ரூபாய்க் காசைவிட அகலம்.
முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சென்றாயனுக்குப் பகலில்
கண் நன்றாகத் தெரியும்.