அறையின் சத்தம்

ஹமில்டனில் மூடிக் கிடந்த இறைச்சித் தொழிற்சாலையைப்
பொலிஸ் நிலையமாக்கி வைத்திருந்தார்கள்.
மாசி மாதம். மைனஸ் பதினெட்டு.
ஒலிப்பதிவுக்காக ஹீற்றரை நிறுத்தியிருந்தோம்.
நிறுத்தச் சொன்னது நான்தான்.

தளத்தில் நாற்பது பேர்.
கொலைகாரன் வந்து கதிரையில் உட்கார்ந்தபோது
சிரிப்பை அடக்கியது நான் ஒருத்தி.
மற்றவர்களுக்கு அவர்
காலையில் பாடசாலை பஸ் ஓட்டிவிட்டு
மகளின் காரில் ஒடிஷனுக்கு வந்த அறுபது வயது மனிதர்.
எனக்கு ஓட்டைவாளி ஒப்பிலாமணி.

ஸ்காபரோவில் வளர்ந்த யாரையும் கேளுங்கள்.
பழைய மாணவர் சங்க இரவுகள்,
கொத்துரொட்டிக்கு நீண்டுபோகும் இடைவேளை,
ஒலிவாங்கி கூவக் கூவ அவர் மேடைக்கு வருவார்,
பெல்ட்டுக்குப் பதில் சணல் கயிறு.
சீட்டுக் காசு போன கதை. கோட்டு சூட்டு போன கதை.
மச்சான் கேட்டு, பனிக்காலத்தில் சப்பாத்தும் போன கதை.
கடைசியில் எப்போதும் ஒரே வசனம்:
"கேட்டவை. குடுத்தன்."
பிறகு காதைச் சொறிவார்.
நாலு நொடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
அதற்குள் மண்டபம் இடிந்து விழும்.
ஒருமுறை அப்பாவின் பல்செட் கழன்று
முன்வரிசைக்குப் போய்விட்டது.

இப்போது கைவிலங்கு.
எதிரே துப்பறிபவளாக ஒரு மொன்றியல்காரி:
அந்தப் பெண் உன் கடைக்கு வந்தாள், பிறகு?
ஆங்கிலத்தில் ஏழு தடவை பதில் சொன்னார்.
ஏழு தடவையும் இயக்குநர் மூக்கைத் தேய்த்தாள்.
உன் மொழியில் சொல் என்றாள் எட்டாவதில்,
எழுத்தை அடியில் போட்டுக்கொள்ளலாம்.

கம்பை உயர்த்தினேன்.
நுனியில் மைக், அவர் நெற்றிக்கு ஒரு சாண் மேலே.
என் காதுக்குள் அவர் வயிறு இரைந்தது.
விலங்கின் சின்னச் சங்கிலி.
அண்ணத்திலிருந்து நாக்குப் பிரியும் ஈரம்.

"தண்ணி கேட்டவள்.
குடுத்தன்."

காதைச் சொறிந்தார்.

ஒன்று.
மண்டபத்தைக் காணவில்லை.
இரண்டு.
மூன்று.
சிரிப்பு வந்து நிரப்பாத குழிக்குள்
அவள் கிடந்தாள்,
கதையில் பெயர் மட்டும் உள்ள,
நாங்கள் ஒருவரும் கண்டிராத பெண்.
நான்கு.
கம்பு நடுங்கி மைக்கின் நிழல் மேசையில் விழுந்தது.
அதை யாரும் வெட்டச் சொல்லவில்லை.

பிறகு, வழக்கம்போல், அறையின் சத்தத்தைப் பதிந்தேன்.
முப்பது நொடி ஒருவரும் அசையக் கூடாது.
ஒட்டுப்போட்ட இடங்களில் பூச
அந்தந்த அறையின் மௌனம்தான் வேண்டும்,
வேறு அறையினது ஒட்டாது.
எல்லோரும் மூச்சுப் புகைய நின்றார்கள்.
அவர் மட்டும் என்னைப் பார்த்து
ஒரு கண்ணைச் சிமிட்டினார்.
தமிழ்ப் பிள்ளை என்று எப்படித் தெரிந்ததோ.

ஐப்பசியில் ஒளிபரப்பு.
மார்க்கம் வீதி டேக் அவுட்டின் பின்னறை,
ஐம்பது கதிரைக்கு எழுபது பேர், தட்டுத் தட்டாக மீன் ரோல்.
திரையில் முகம் வந்ததுமே விசில்.
கைவிலங்குக்குச் சிரித்தார்கள்.
மொன்றியல்காரியின் கோபத்துக்குச் சிரித்தார்கள்.
"தண்ணி கேட்டவள்" என்றதும்
பின்னாலிருந்து ஒருவர் முந்திக்கொண்டு
"குடுத்தன்!" என்று கத்தினார்.
காதுக்குக் கை போனதும் அறை இடிந்தது.

எட்டு மாதம் நான் பொத்திவைத்திருந்த நாலு நொடி
எண்ணெய்க் கைகளின் தட்டலுக்குள் போயிற்று.

கம்பளித் தொப்பியோடு கடைசி வரிசையில் இருந்தார்.
நான்தான் ஏதோ பிழை செய்தவள்போல்
பக்கத்தில் போய் நின்றேன்.

"எத்தினை செக்கன் பிள்ளை அது?"

நாலு, அங்கிள்.

"மூண்டுதான் சிரிச்சவை" என்றார்
ரோலைக் கடித்தபடி.
"நானும் எண்ணினனான்."

உண்மைதான்.
நாலாவதில்
அந்தப் பின்னறையின் சோடா ஃபிரிட்ஜ் உறுமியது
எனக்கும் கேட்டது.