நூற்றுக்கு அரை

மிக்ஸியைக் கொண்டுபோனது நான்தான்.
வின்டர்தூரில்,
பழைய இரும்பு வார்ப்புச்சாலையின் பின்கட்டு.
இரண்டு அறை, ஒரு கழுவுதொட்டி.
வாடகை மட்டும் பெரிய கம்பனிக்குரியது.
இயந்திரம் வர ஆறு கிழமை என்றார்கள்.
ரேகுலாவுக்குப் பொறுமை இல்லை.
எனக்கும்.

மூடி ரப்பரில் இன்னும் செத்தல்மிளகாய் மணம்.
தண்ணீர்,
பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம்,
ஒரு கரண்டி கிராஃபைட்.
பென்சிலுக்குள் இருக்கிற அதே கரி.
தாளில் உரசும்போதெல்லாம்
தன்னை உரித்துப் போடுகிறது அது;
நாம் அதை எழுத்து என்கிறோம்.

வெட்டுவது அலகு இல்லை என்று விளங்க
எனக்கு ஒரு மாதம் பிடித்தது.
வேகமாய் ஓடும் தண்ணீரும்
சுவரோரம் தயங்கும் தண்ணீரும்
இழுபடுகிற இடைவெளியில்
அடுக்கு அடுக்கைக் கைவிடுகிறது.
அவ்வளவு லேசாகத்தான் பிடித்திருந்ததா
இத்தனை காலமும்?
ஒரே தளத்து அணுக்களோ
கோத்த கையை எளிதில் விடாது.
பக்கத்து வீட்டோடு உயிர்,
மேல்வீட்டோடு ஒரு வணக்கம்,
எங்கள் கட்டடம் மாதிரி.

நுரை வழிந்தது.
கதவுப்பிடி, காதுமடல், ரேகுலாவின் ரொட்டி.
துடைத்த துணியே
அடுத்த இடத்தில் பூசியது.

சுழலியில் போட்டுச் சுழற்றினால்
உரியாத கட்டி அடியில் உட்காரும்.
மேலே நிற்கிற சாம்பல்நீர்தான் எங்கள் சம்பளம்.
அதைக் காயவைத்து
எபாக்சிப் பிசினில் நூற்றுக்கு அரை கலந்து
நாய்க்குப் போடும் எலும்பு போன்ற அச்சில் ஊற்றி
விடியும்வரை விட்டோம்.

இரண்டு தாடை கவ்வி இழுத்தது.
வெறும் பிசின் முறிந்த இடத்தைத்
திரையில் கோடு தாண்டியது,
இன்னும் ஏறியது.
டக்.
ரேகுலா ஒன்றும் சொல்லவில்லை.
கருப்பு ரொட்டியை முழுதாய்த் தின்றாள்.

அரை இவ்வளவு செய்தால்
இரண்டு எவ்வளவு செய்யும்!
கணக்குப் போட்டது நான்.
கலந்தது நான்.
முறிந்தது,
வெறும் பிசினுக்கும் கீழே.

முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தோம்.
நடுவில் ஒரு கட்டி.
உரித்த இதழ்களெல்லாம்
பிசினுக்குள் ஒன்றையொன்று தேடிப்போய்
முகத்தோடு முகம் ஒட்டி
மறுபடி கிராஃபைட்டாகி இருந்தன.
விரிசல் அங்கிருந்துதான் புறப்பட்டிருக்கிறது.
கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்றவர்
கரியிடம் விசாரிக்கவில்லை போலும்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.
தண்டவாளத்தில் சூரிச் ரயில்
நேரம் தவறாமல் போனது; எரிச்சலாக இருந்தது.
ரேகுலா குறிப்பேட்டைத் திறந்து
"இரண்டு: கூடாது" என்று
பென்சிலால் எழுதினாள்.
சில இதழ்கள் தாளோடு தங்கின.
சில அவள் சுண்டுவிரலோரம் ஏறின.

நாளைக்கு முக்கால்.
பிறகு அரையும் காலரைக்காலும்.
கலக்கும் நேரத்தைக் கூட்டவேண்டும்,
சவர்க்காரத்தை மாற்றவேண்டும்,
கழுவிய கருநீரைத் தொட்டியில் ஊற்ற ஏலாது,
அதற்கொரு கான், அதற்கொரு லேபிள்.

இரவு ரமணீகரன்
தேங்காயோடு நின்று கேட்டான்,
மிக்ஸி எங்கே?
வேலைக்குப் போய்விட்டது என்றேன்.