கதவு சாத்திய கால் மணி

வெண்ணாற்றில் முறைத்தண்ணீர் வந்த அன்றே
உங்கள் வருஷப் படையல்.
தலைவாழை இலை, நுனி இடப்பக்கம்.
கெளுத்திக் குழம்பு, முருங்கைக்கீரை,
ஒரு கட்டுப் பீடி,
நீடாமங்கலம் கடைத்தெருவில் வாங்கிய
ஆறு ஜாங்கிரி.
ரெண்டு வருஷம் ஒளித்துவைத்ததற்கு
வட்டியோடு.

சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு
எல்லோரும் வெயிலில் நின்றோம்.
"லஸ்கர் மனுஷன், ஷட்டரைத் தூக்கிட்டுத்தான்
சாப்பிட வருவாரு" என்றான்
உங்கள் தம்பி பூவராகன்.
யாரோ சிரித்தார்கள். நானும்.

கால் மணி கழித்துத் திறந்தேன்.
ஜாங்கிரியில் எறும்பு, சாரை சாரையாய்.
உப்புக்குப் பக்கத்தில்,
கைப்பழக்கத்தில் எப்போது வைத்தேனோ,
உங்கள் சர்க்கரை மாத்திரை.
அது மட்டும்
வைத்தது வைத்தபடி.

எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.
ராத்திரிக்கு விடமாட்டேன்.