இரண்டு யூனிட்

வடசேரியில்
லாட்ஜுக்கும் டயர் கடைக்கும் நடுவே
ஒருக்களித்து நுழைந்தால் கோயில்.
மீட்டர் பார்க்க வந்தவன் நான்,
கும்பிட அல்ல.

அட்டையில்
நுகர்வோர் பெயர்: மாதேவர்.
முந்தைய அளவு 417.
இன்று 419.

வட்டெழுத்து ஓடும் கல்வரிமேல்
யாரோ பிரஷ் துடைத்த நீலம்.
வௌவால் நாற்றம்.
விளக்குப் பாவை ஏந்திய கைகளில்
எண்ணெய் இல்லை,
ஒரு ஹெல்மெட்.

"எனக்கதாக்கும் அண்ணே"
ஓடிவந்து எடுத்தான்
டயர் கடை ஜெபின்.

"பல்பு ஆரு போடுகது?"

கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான்.
"அந்திக்கு நாந்தான்.
இருட்டுல அவ
ஒத்தைக்கில்லா நிக்கா."

இரண்டு யூனிட்.
நூறு வரை இலவசம்.
கட்ட வேண்டியது பூஜ்யம் என்று எழுதி
அட்டையைச் செருகினேன்.

அடுத்த மீட்டர் லாட்ஜில்.
படியேறும்போதுதான் உறைத்தது,
அவ்வளவு நேரமும்
செருப்போடு நின்றிருக்கிறேன்.