செடிகளுக்கு மட்டும் பகல்

நீலம் வாங்காதே என்று யாரும் சொல்லவில்லை.
பென்னாகரம் ரோட்டு மீன் கடையில்
எல்லாத் தொட்டியும் நீலமாகத்தான் எரிந்தது.
அதில் நியான் மீன்கள்
கல்யாண மண்டபத்து சீரியல் செட் மாதிரி.
நானும் அதையே வாங்கிவந்தேன்.

மூன்று வாரம் மீன் ஜொலித்தது.
வேலம்பாசி வெளுத்துக் கண்ணாடியாகி
இலை இலையாய்க் கழன்று மேலே மிதந்தது.
தண்ணீரைச் சந்தேகப்பட்டேன்
(தர்மபுரித் தண்ணீரை யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்,
போர் தண்ணி காய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்பு).
ஒகேனக்கல் குழாயில் பிடித்து மாற்றியும் பார்த்தேன்.
பட்டினி என்று புரிய நாளானது.

இத்தனைக்கும் நான்
பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
ஜன்னல் இல்லாத அறையில்
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை நறுக்கி
நெஞ்சுக்கு இவ்வளவு, இடுப்புக்கு இவ்வளவு,
குழந்தைக்கு அதில் பாதியும் வேண்டாம் என்று
அளந்து கொடுக்கிற கை.
மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க. அடுத்தவர்.

இரண்டாம் முறை போனபோது
முனிரத்தினம் கேட்டார், என்ன மீனுக்கும்மா?
செடிக்கு, என்றேன்.
செடிக்கா, என்று
ஸ்டூலை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.
பரணிலிருந்து ஒரு வெள்ளை எல்.ஈ.டி. பட்டை எடுத்து
முந்தானை கேட்காமல் தன் சட்டையிலேயே தூசி துடைத்து,
பதினெட்டு வாட், ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்,
ரெண்டடிக்கு இது தாராளம்,
மீன் இதுல அழகாத் தெரியாது, அப்புறம் வந்து கேக்கக் கூடாது.

கேட்கவில்லை.
ஆனால் ஆசையில் பன்னிரண்டு மணிநேரம் எரியவிட்டேன்.
கண்ணாடியில் பச்சைப் படலம்.
கருங்கல் சில்லில் நூல் கட்டி உட்கார்த்திய
அனுபியாஸின் தடித்த இலைகளில்
கறுப்பு முடி.
பழைய ஃபிலிம் காலமாக இருந்தால்
கழுவியதும் தெரிந்திருக்கும், டோஸ் அதிகமென்று.

விளக்கைத் தூக்கி
இரண்டு டிபன் பாக்ஸ் மேல் வைத்தேன்.
தூரம் கூடினால் வீச்சு குறையும்,
எட்டு மார்க் கேள்வி,
எழுதி வாங்கியவள்தான்.
அனுபியாஸை வேர்க்கட்டை நிழலுக்குத் தள்ளினேன்.
ஏழு மணிநேரம் போதும். டைமர் நூற்றெண்பது ரூபாய்.

எந்த ஏழு என்பதுதான் சிக்கல்.
ஹாலில் தொட்டி. ஹாலிலேயே ஷம்ஷாத்தின் கட்டில்.
ஐ.சி.யு.வில் நைட் முடித்து வந்து
திரைச்சீலைக்கு மேல் பெட்ஷீட் போட்டு
மூன்றரை வரை தூங்குவாள்.
வாடகையில் பாதி அவளுடையது,
இருட்டில் பாதியும்.
செடிக்கு மணி தெரியாது.
சாயங்காலம் நாலுக்கு விடியட்டும்,
பதினொன்றுக்கு அடையட்டும்.

நேற்று டியூட்டிக்குக் கிளம்புமுன்
ஒரு காலில் மட்டும் ஷூ போட்டபடி
தொட்டி முன்னால் குந்தியிருந்தாள்.
புதிதாய் விட்ட வேலம்பாசி நாடாக்களில்
குண்டூசித் தலை அளவில் குமிழிகள்,
கோத்துக்கொண்டு, ஒவ்வொன்றாய்.
ஆக்ஸிஜன், என்றேன்.
தெரியும், என்றாள்.
அவள் நாள்பூராவும் பார்ப்பதுதானே,
ஹ்யூமிடிஃபயரில் கொதிப்பதுபோல.
இங்க யாரும் கேக்காமயே வருது பார்,
என்று சொல்லி
இன்னொரு ஷூவைத் தேடினாள்.

அவள் போனபின்
பதினொன்றுக்கு டைமர், டக்.
சற்று நேரம் மீன்களுக்கு
எங்கே நிற்பதென்று தெரியவில்லை.
நான் விளக்கு போடவில்லை.
ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒரு குமிழி
இருட்டில்
மேலே போய்ச் சேர்ந்திருக்கும்.