வேலந்தாவளம், காலை ஆறே கால்

பாயில் கையூன்றி
பலகைபோல நிற்கிறேன்.
முப்பது நொடி என்றார் டாக்டர்.
ஒன்பதாவது நொடியில்
வயிற்றுக்கடியில் புகுந்துவிட்டது லாரி.

பாம் பாம்.

ஒன்றே முக்கால் வயது லாரி.
பின்பக்கம் ஈரம்.
சரக்கு: ஒரு சின்ன வெங்காயம், என் சாவிக்கொத்து.

நான் செக்போஸ்ட்.
வண்டி எங்கே போகுது?
"அங்க."
யார் வீட்டுச் சரக்கு?
"அம்மா."

தையல் போட்ட இடம் சுருக்கென்கிறது.
பில் கேட்டால்
வெங்காயத்தோலை நீட்டுகிறாள் சஃபா.
கை இரண்டும் தரையில்;
வாயால் வாங்குகிறேன்.

வெளியே நிஜ லாரிகள்
தக்காளியோடு வரிசையில் உறுமுகின்றன.
கொடியில் அவள் அத்தாவின் காக்கிச் சட்டைக்குள்
கணவாய்க் காற்று புகுந்து
கையை மேலே தூக்கு, கீழே போடு என்கிறது.

இருபத்து நாலு. இருபத்தைந்து.
தாண்டிப் போனவள் திரும்பி வந்து
முதுகில் ஏறிப் படுத்துக்கொள்கிறாள்.
பதினொரு கிலோ. ஓவர்லோடு.

விழுந்தோம்.

சிரிப்பு எந்தப் பக்கம் உருண்டதோ,
"இன்னும்" என்கிறாள்.
தமிழென்றால், இன்னொரு தடவை.
மலையாளமென்றால், இன்றைக்கும்.
எதுவானால் என்ன,
கையூன்றத்தானே வேண்டும்.