ஏழாம் நம்பர் லயம்

அந்தப் பாட்டுக்குப் பல்லவி உண்டென்பதே
எங்களுக்குத் தெரியாது.

கோத்தகிரிக்கு மேலே எங்கள் மலையில்
மூன்று நாள் படம் எடுத்தார்கள்.
இரண்டாம் சரணம் மட்டும்.
பல்லவியை மைசூரில் முடித்துவிட்டு
மீதியை லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள்:
குடை, தண்டவாளம், ஒரு மூட்டை பிளாஸ்டிக் ரோஜா.
தேயிலைச் செடிக்குப் பூ போதாதாம்.

கொழுந்தெடுப்பை நிறுத்தி
அரைப்பேர் போட்டார் கண்டக்டர்.
செவனம்மா முழுப்பேர் கேட்டாள்.
"நாங்களும்தானே படத்துல நிக்கிறோம்?"
நின்றோம், கூடையோடு ஆறு பேர்.
முகம் வேண்டாம், முதுகு போதும் என்றார்கள்.

பாட்டு மெஷினுக்கு ஓர் ஆள், வடபழனி ஏகாம்பரம்.
தன் கம்பளியை மெஷினுக்குப் போர்த்திவிட்டு
அவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.
பொத்தானை அழுத்தினால்
டிக், டிக், டிக்,
மூன்று தட்டு.
பிறகுதான் வயலின்கள்.

காலை எட்டு மணிக் குளிரில்
பேட்டரி சோர்ந்துவிடும்.
பாட்டு அரைக்கட்டை இறங்கும்.
பாடுகிறவளுக்குத் திடீரென்று நாற்பது வயது கூடும்.
டைரக்டர் கத்துவார்.
வெயில் வரட்டும் சார் என்பார் ஏகாம்பரம்.
வெயில் எங்கே வரும்?
வரும்வரை ஒத்திகை,
இழுபட்ட பாட்டுக்கே.

இசையமைத்தவர் வரவில்லை.
அவர் இந்தப் பக்கமே வந்ததில்லையாம்.
கோடம்பாக்கத்தில், மே மாதத்தில்,
ஏ.சி. நின்றுபோன ஒரு மதியம்
பனியன் நனைய நனைய எழுதினாராம்
அந்தப் புல்லாங்குழலை.
"பனி எப்படி இருக்கும்னு யாரையும் கேக்கலம்மா.
குழல்காரர்கிட்ட,
ரெண்டு இடத்துல ஊதாம விட்டுடுன்னாரு.
அவ்ளோதான்."
அந்த இரண்டு இடத்தையும்
காத்திருந்து கேட்டோம்.
சரிதான்.
ஒரு செடி தெரியும்,
அடுத்த செடி இல்லை,
அப்புறம் தெரியும்.

நாற்பத்திரண்டு தடவை.
செவனம்மா கூடை விளிம்பில் கரிக்கோடு போட்டு எண்ணினாள்.
நடுவில் 'மஞ்சு' என்று ஒரு சொல் வரும்.
மேகம் என்று அர்த்தமாம்,
எங்களுக்கு யார் சொன்னார்கள்?
மேஸ்திரி மகள் மஞ்சுளாவைத்தான் என்று
லயம் முழுக்கப் பேச்சு.
ஒரு வாரம் அவள் தண்ணிக் குழாய்ப் பக்கம் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து,
தலைமன்னாரில் எங்களோடு கப்பலேறி வந்த ரேடியோவில்
ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
யாரும் காது கொடுக்கவில்லை.
திடீரென்று நடுவில் எங்கள் சரணம்,
குளிர் விட்டுப்போய்,
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி.
"தப்பாப் போடுறான்" என்று
செவனம்மா ரேடியோவின் தலையில் தட்டினாள்.

டவுன் தியேட்டருக்குப் படம் வந்தது.
இசை என்று பெயர் விழுந்ததும் ஒரே விசில்.
ஏகாம்பரத்தை எழுத்துக்கூட்டித் தேடினேன்,
பெயர்கள் வேகமாய்ப் போய்விட்டன.
எங்கள் முதுகு நாலு செகண்ட் வந்தது.
இடுப்புப் படங்கின் கிழிசலை வைத்துத்தான்
செவனம்மா தன்னைக் கண்டுபிடித்தாள்.
பக்கத்து ஸீட்டுக்காரரை எழுப்பிக் காட்டுவதற்குள்
நாயகி வந்து மறைத்துவிட்டாள்.

இன்றைக்கும் மலையில்
யாராவது அதை எடுத்தால்
சரணத்திலிருந்துதான் எடுப்பார்கள்.
அரைக்கட்டை கீழே,
இழுத்து. எங்கள் லயம் அப்படி.
குழல் நிற்கிற இரண்டு இடத்தில்
வாய் மட்டும் நிற்கும்,
கை கொழுந்தை விடாது.
அதற்கெல்லாம் முன்னால்
டிக், டிக், டிக்.

அது பாட்டிலேயே இல்லை என்று
என் மகன் சண்டைக்கு வருகிறான்.
போனில் போட்டுக் காட்டுகிறான்.

போடட்டும்.